கண்ணாடியைக் கீழே போடுகிற அக்கா

"தள்ளி நில்லுங்கப்பா, மேலருந்து வருது."

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். அண்ணாந்து பார்த்தேன். இரும்புப் படிக்கட்டின் உச்சியில் நீலக் கோட்டு அணிந்த ஒரு பெண், அட்டைப் பெட்டி ஒன்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இருந்தவர்கள் யாரும் பதறவில்லை. ஒருவர் தன் சைக்கிளை மட்டும் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். பெட்டி விழுந்தது. அவர் நிதானமாக இறங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, டேப்பைக் கிழித்து, உள்ளே இருந்த பைக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிப் பார்த்தார். மூலையில் இருந்த ஒன்றில் மயிரிழை போல ஒரு விரிசல். அதைக் கண்டதும், காணாமல் போன கம்மல் கிடைத்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது.

"மாட்டிக்கினியா," என்றார் கண்ணாடியிடம். பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் புது க்யூசியா? வா, வந்து பாரு. ரோட்டுல ஒடையறதுக்கு முன்னால நம்ம கையில ஒடைஞ்சிடுச்சி. நல்ல நாளு உனக்கு."

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கண்ணாடி உடைவதை நல்ல நாள் என்று சொன்ன ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் கம்பெனி செய்தது பைக்குகளுக்கான பக்கவாட்டுக் கண்ணாடி. மேலே கண்ணாடி, கீழே வளைந்த எஃகுத் தண்டு, தண்டின் நுனியில் வண்டியில் திருகிப் பூட்டுவதற்கான மரை. அதை உடையாமல் பெட்டியில் வைத்து அனுப்புவது அக்காவின் பிரிவு. சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற க்யூசி என் வேலை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. என் கையெழுத்து விழுந்தால்தான் லாரி கிளம்பும் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளே அது தெரு முழுக்கத் தெரிந்திருந்தது.

அக்காவின் பெயரைச் சொல்லி எஸ்டேட் டீக்கடையில் விசாரித்தால் யோசிப்பார்கள். 'கீழ போடுற அக்கா' என்றால் கையை நீட்டி வழி காட்டுவார்கள். அதனால் நானும் பெயரை எழுதவில்லை.

எதையும் போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். புது டிபன் பாக்ஸ் வாங்கினால் சாம்பாரோடு ஒரு தபா விழும். யாராவது ஹெல்மெட் வாங்கி வந்தால் ஒளித்து வைப்பார்கள். லைனில் வேலை செய்த பெண்ணின் கல்யாணத்துக்கு எல்லோரும் சேர்ந்து வாங்கிய சுவர்க் கடிகாரத்தை, பரிசுத்தாள் சுற்றுவதற்கு முன் மேசை உயரத்திலிருந்து விட்டார். நின்றுபோனது. கடைக்காரரிடம் அவரே போய்ச் சண்டை போட்டு வேறு வாங்கி வந்தார். அதையும் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இன்னாக்கா பண்ண?" என்று சாப்பாட்டு நேரத்தில் யாராவது கிளப்பிவிடுவார்கள். எத்தனை தபா கேட்டாலும் அவர் சொல்லுவார்.

"காப்பித் தம்ளர அவரு முன்னாடி போட்டேன். கோவப்பட்டா வேணாம்னு இருந்தேன். மனுசன் எய்ந்து போயி துணி எடுத்துக்கினு வந்து தொடச்சாரு. சரி, தாங்கும்னு ஒத்துக்கினேன்."

அப்போது எங்கள் கண்ணாடிகள் தெர்மோகோல் குழிகளில் உட்கார்ந்து போகும். நொறுங்கியது, திரும்பி வந்தது எல்லாவற்றையும் கழிவு எடுப்பவர் அள்ளிக்கொண்டு போய் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில் கொளுத்திவிடுவார். ஏரிக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் தெரு. அந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நிலத்தில்தான் அம்மா நாற்று நட்டாள். இப்போது அங்கே குடோன் நிற்கிறது, அம்மா வேறொரு கம்பெனியில் கூட்டுகிறாள். கரையில் புகை எழும்பினால் கொடியில் காயும் துணியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடி ஜன்னலைச் சாத்துவாள். சீருடையோடு நான் நுழைந்ததும் சொல்லுவாள்: "மொதல்ல உங்க கம்பெனி வந்துச்சி. பின்னாலயே நீ வந்துட்ட."

இதை ஒருநாள் சிரிப்புக்காகத்தான் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்த கை நின்றது.

"நான் பத்திரமா அனுப்புறேன் பத்திரமா அனுப்புறேன்னு நெனச்சிக்கினு கீறேன். நீ சொல்றத பாத்தா பாதிய உங்க ஊட்டுக்குல்ல அனுப்பிக்கினு இருந்திருக்கேன்," என்றார்.

அன்று ஷிப்ட் முடிந்ததும் ஸ்கூட்டியில் என் பின்னாலேயே வந்துவிட்டார். ரேஷன் கடையில் எங்கள் தெருப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அக்காவின் நீலக் கோட்டைப் பார்த்ததுமே ஒரு அத்தை குரல் கொடுத்தார்: "வந்துட்டா பாரு, பொகைக் கம்பெனிக்காரி."

"ஆமா, நான்தான்," என்றார் அக்கா. "எங்க கம்பெனிப் பொகை இந்த மழையோட நிக்கும். நிக்கலன்னா என்னைப் புடிச்சிக் கேளுங்க."

"உன்னை எங்கம்மா போயி புடிக்கிறது?"

"இவன் ஊடு இந்தத் தெருதான? இவனப் புடி."

அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடியில் நான் மாட்டினேன். "இன்னா நைனா, உங்கக்கா பொகைய நிறுத்திட்டாளா?" என்று கேட்காமல் அத்தை ஒரு நாளும் விட்டதில்லை.

திரும்பும் வழியில் அக்கா ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் தெரியாமல் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது. கரையோரச் செடி ஒன்றைப் பிடுங்கி, தண்டில் உருண்டு தடித்திருந்த பாகத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். அமுங்கி, மெல்ல மேலே வந்தது. இரண்டாகப் பிய்த்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"உள்ள பாரு. முழுக்கக் காத்து. தெர்மோகோல்ல இன்னா கீது? அதே காத்துதான். நாம துட்டு குடுத்து வாங்கிக் கொளுத்துறோம், இங்க சும்மா கெடக்குது."

முதலாளி கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். "இந்தாம்மா, களையில கட்டி அனுப்புனா, வாங்குறவன் நம்மளக் கட்டி அனுப்பிடுவான்," என்றார். ஆனாலும் ஷெட்டின் ஒரு மூலையைக் கொடுத்தார். தெர்மோகோல் சப்ளை செய்கிறவரின் ஒப்பந்தம் மழைக்காலத்தோடு முடிகிறது. அதற்குள், கண்ணாடி வாங்குகிற பைக் கம்பெனி ஒத்துக்கொண்டால், தெர்மோகோலுக்குப் பதில் அக்கா செடியில் செய்யும் தட்டு. இல்லாவிட்டால் பழையபடி தெர்மோகோலுக்கே கையெழுத்து. அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. இதுதான் ஏற்பாடு.

ஆகாயத்தாமரைத் தண்டுகளைக் காயவைத்து நறுக்கி, பசை கலந்து, மர அச்சில் அழுத்தித் தட்டு செய்தார்கள். பசை அக்காவின் அண்ணன் உபயம். அவர் போஸ்டர் ஒட்டுகிறவர். மைதா காய்ச்சி, பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போடுவார்கள். "செவுத்துல ஒரு வருசம் வெயில்லயும் மழையிலயும் நிக்குது. பொட்டிக்குள்ள நிக்காதா?" என்றார் அக்கா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு பெட்டிகள் விழ ஆரம்பித்தன. படிக்கட்டிலிருந்து, லாரியின் மேலிருந்து, ஓடும் ஸ்கூட்டியின் பின்னிருக்கையிலிருந்து. அவர் போகிற தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளைக் கட்டி எடுத்துவைக்கும் பொறுப்பை அவராகவே வாங்கிக்கொண்டார். எதற்கென்று ஃபாதருக்குத் தெரியாது. மண் பொம்மைகளைத் தன் தட்டுகளில் அடுக்கி, பெட்டியை மூடி, கோயில் படியின் மேலே நின்று, "ஃபாதர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்று சொல்லி விட்டுவிட்டார். ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டாராம். திறந்து பார்த்தால் குழந்தை யேசுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓரத்தில் இருந்த ராஜா பொம்மைக்கு மூக்கு போயிருந்தது.

மறுநாள் என்னிடம் ஓடி வந்தார். "நடுவுல வெச்சது தப்பிச்சிடுச்சி. ஓரத்துல கீறவனுக்குத்தான் அடி. தட்டோட செவுரு இன்னும் அரை வெரல் தடியா வேணும்."

"ஃபாதர் இன்னா சொன்னாருக்கா?"

"ராஜாவுக்கு மூக்கு வாங்கிக் குடுன்னாரு. களிமண்ணுல நானே வெச்சிட்டேன். முன்ன இருந்தத விட நல்லா கீது."

அரை விரல் கூட்டியதும் தட்டு தாங்கியது. எங்கே போட்டாலும் தாங்கியது. நான் கையெழுத்துப் போட்டேன். முதல் சரக்கு பைக் கம்பெனிக்குப் போனது. கழிவு எடுப்பவர் வந்து, "இன்னிக்கு ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா கொடியடியில் நின்று ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி கொடியிலேயே இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. சரக்கு அவர்கள் குடோனில் ஈரக் காற்றில் நின்றது. பிறகு திரும்பி வந்தது.

ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. ஆனால் எஃகுத் தண்டின் நுனியில், முலாம் பூசாத மரையில், சிவப்பாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. துரு என்று நினைத்தேன். அக்கா கட்டைவிரலால் தேய்த்தார். சிவப்பு பளபளத்தது.

"துரு இல்லடா இது. செம்பு," என்றார். அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "துத்தத் தண்ணியில ஆணியப் போட்டா செவந்து போவும். பத்தாவதுல நானே செஞ்சி காட்டிக்கீறேன். நீயும் படிச்ச இல்ல?"

"படிச்சேன்க்கா."

"மார்க்கு வாங்கினியா?"

"வாங்கினேன்."

"நானும் வாங்கினேன். வாங்கிக்கினு அங்கியே வெச்சிட்டு வந்துட்டோம் ரெண்டு பேரும்."

முதலாளியின் அறையில் தெர்மோகோல்காரர் ஏற்கெனவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த சரக்குக்கு நான் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தட்டுதான் காரணம் என்று எழுதினால் அக்காவின் மூலை காலி. ஸ்டோர்ஸில் இருந்த ஒருவர் என் தோளைத் தட்டினார். "லாரியில தண்ணி பூந்துடுச்சின்னு எழுதிட்டுப் போ. யாரு பாக்கப் போறா? பாவம், அந்தம்மா பேஜாராயிடும்." எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. ரேஷன் கடை வரிசையும் அத்தையின் குரலும் கண்முன் வந்தன. பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"இன்னா எழுதப் போற?"

நான் ஸ்டோர்ஸ்காரர் பக்கம் திரும்பினேன்.

"தட்டு ஃபெயிலுன்னு எழுது. பசையில துத்தம் போட்டது தப்புன்னு எழுது. போடு கையெழுத்த."

"அக்கா, எழுதினா..."

"எழுதாட்டி நாளைக்கு நீ நல்லா கீதுன்னு போடுவ பாரு, அதையும் எவனும் நம்பமாட்டான். அப்பால இந்தத் தட்டு செவ்வாக் கெரகத்துல விழுந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இல்ல."

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை முதலாளியின் அறைக்கு அவரே எடுத்துப் போனார். தெர்மோகோல்காரர் முன்னாலேயே, தப்பு என்னுடையது, காரணம் தெரிந்துவிட்டது, மழைக்காலம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொன்னார். முதலாளி தாளை வாங்கி, பைக் கம்பெனிக்கு அனுப்பும் கவரில் போட்டார். "மழை நிக்கிற வரைக்கும்தாம்மா," என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம் சொன்னது இன்னும் எனக்குள் இருக்கிறது.

"விழறதையே பாத்துக்கினு இருந்துட்டேன். நிக்கறதப் பாக்கல."

அதற்குப் பிறகு அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. பொருள்களை நிற்க வைக்க ஆரம்பித்தார். அதுவும் மோசமான இடமாகத் தேடி. தகரம் ஒழுகும் இடத்தில் ஒரு பெட்டி. கைகழுவும் குழாயடியில் ஒன்று. டீ பாய்லர் பக்கத்தில் ஆவி படும்படி ஒன்று. அவர் வீடு தாழ்வான தெருவில் இருந்தது, மழை வந்தால் வாசலைத் தாண்டித் தண்ணீர் வரும். அங்கேதான் நிறையப் பெட்டிகள் போயின. ஒருநாள் நான் போனபோது அவர் வீட்டுக்காரர் நாற்காலியில் கால்களைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி. கட்டில்ல எனக்கு எடம் இல்ல, உங்க கண்ணாடிக்குக் கீது," என்றார். கையில் தரை துடைக்கும் துணி இருந்தது. தம்ளர் கதை பொய்யில்லை என்று அப்போதுதான் நம்பினேன்.

இந்த முறை பசையே இல்லை. ஆகாயத்தாமரைத் தண்டோடு எங்கள் கம்பெனியில் கிழிந்துபோகும் அட்டைப் பெட்டிகளையும் ஊறவைத்து, கூழாக அடித்து, முட்டை அட்டை மாதிரி அச்சில் அழுத்தினார். கூழ் காய்ந்தால் தானே பிடித்துக்கொள்ளும். ஆனால் மழையில் எங்கே காய்வது? அச்சிலிருந்து எடுத்த தட்டுகள் நாள்கணக்கில் சொதசொதவென்று கிடந்தன.

பக்கத்து ஷெட்டில் இரும்புச் சாமான்களுக்குப் பவுடர் பூசி அடுப்பில் வேகவைக்கிற கம்பெனி இருந்தது. அதன் சுவரில் ஒரு குழாய் வழியாகச் சூடான காற்று எந்நேரமும் சந்துக்குள் வந்துகொண்டிருக்கும். மழை நாளில் தெருநாய்களெல்லாம் அங்கேதான் படுத்திருக்கும். நாஷ்டா வாங்கப் போன அக்கா, நாய்களைப் பார்த்து நின்றுவிட்டார். குழாய்க்கு நேராகக் கையை நீட்டினார். பார்சலை என் கையில் திணித்துவிட்டு அந்தக் கம்பெனிக்குள் நுழைந்துவிட்டார்.

"நீங்க வெளிய வுடற சூடு எனக்கு வேணும்," என்று அவர் கேட்டபோது, அந்தக் கம்பெனிக்காரர் ஏதோ வம்பு என்று நினைத்திருக்கிறார். "நாய்ங்க படுத்துக்குதுன்னு கம்ப்ளெயிண்டாம்மா?" என்றாராம்.

பழைய தகரத்தை வளைத்துக் குழாயை ஒரு அலமாரிக்குள் திருப்பினோம். காலையில் வைத்த தட்டு மாலையில் தட்டினால் மரப்பலகை மாதிரி சத்தம் போட்டது. நாய்களுக்கும் ஒரு பக்கம் திறந்து விட்டுத்தான் தகரத்தை அடிக்கச் சொன்னார். "அதுங்கதான் காட்டிக் குடுத்துச்சி," என்றார். மரைகளுக்கு மெழுகுத்தாளில் ஒரு தொப்பி செய்து மாட்டியது என் யோசனை. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழே போட்டுப் பார்த்துவிட்டு, "வெச்சிக்கோ," என்றார். இன்றுவரை நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான்.

செடி அறுக்க ஆள் தேவைப்பட்டது. எங்கள் தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். முன்னால் வந்தது அந்த அத்தை. "வாக்கு குடுத்தவ ஒழுங்கா செய்யறாளான்னு கூடவே நின்னு பாக்கணும் இல்ல," என்று சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்.

மழை விட்டது. பைக் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அக்காவின் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் மேசைமேல் இருந்தன. அட்டை ஊதி, அடிப்பாகம் கறுத்து, சேற்று வாசனை அடித்தது. முதலாளிக்கு அதைப் பார்க்கவே சங்கடம். நல்ல பெட்டியாக எடுத்து வைக்கச் சொன்னார். அக்கா மறுத்துவிட்டார்.

"சார், இது எங்க ஊட்டுல மழைத்தண்ணி பக்கத்துலயே நின்ன பொட்டி," என்று அந்த அதிகாரியிடம் நீட்டினார். "மேல போயி நீங்களே போடுங்க."

அவர் வாங்கிக்கொண்டு படியேறினார். உச்சியில் தயங்கினார். "இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சேம்மா."

"எங்களுக்கு அதான் சார் நல்ல நாளு."

லைனே சிரித்தது. பெட்டி விழுந்தது.

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை. மெழுகுத்தாள் தொப்பியைக் கழற்றி மரையை என்னிடம் நீட்டினார். வெள்ளைத் துணியால் ஒவ்வொரு மரையாகத் துடைத்தேன். கடைசி மரைவரை துணி வெள்ளையாகவே இருந்தது. தாளில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். தன் பையிலிருந்து பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தட்டு ஃபெயில் என்று நான் எழுதியது.

"ரெண்டுலயும் ஒரே கையெழுத்துதான?"

"ஆமா சார்."

"அப்ப சரி," என்றார்.

அக்கா வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வெகுநேரம் கழுவினார்.

ஏரி முழுக்கத் தெளிந்துவிட்டது என்று எழுதமாட்டேன். ஆகாயத்தாமரை அறுக்க அறுக்க வளர்கிறது. வேறு கம்பெனிப் புகை சில நாள் இன்னும் வருகிறது. ஆனால் எங்கள் கம்பெனியின் தெர்மோகோல் அந்தக் கரையில் பிறகு எரியவில்லை. நடுவில் தண்ணீர் வானத்தோடு தெரிகிறது. எங்கள் தெருப் பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள். அம்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் ஏரியைக் காட்டிச் சொல்லுகிறாள்: "தோ, அந்த செடிதான் பொட்டியாவுது. எம்புள்ளதான் கையெழுத்து போட்டான்." அதற்கு முன்னால் 'ஃபெயில்' என்று கையெழுத்துப் போட்டதையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அதையும் சொல்லுகிறாள்.

இப்போது நான் கும்மிடிப்பூண்டியில் பெரிய கம்பெனி ஒன்றில், வருகிற சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெட்டி வந்தது. விளக்குக் கண்ணாடிகள், வேறு யாரோ செய்தவை. திறப்பதற்கு முன்பே காய்ந்த ஆகாயத்தாமரை வாசனை வந்தது. மூடியைத் தூக்கினேன். பழுப்புத் தட்டு. ஓரச் சுவரில் விரலை வைத்துப் பார்த்தேன். அரை விரல் கூடுதலாக இருந்தது.

"இது எங்க ஊரு ஏரி," என்றேன். கூட வேலை செய்யும் பையன்கள் விளங்காமல் பார்த்தார்கள்.

மூடியை ஒட்டினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கீழே ஆட்கள் நின்றார்கள். "தள்ளி நில்லுங்கப்பா, மேலருந்து வருது," என்றேன். விட்டேன்.

எல்லோரும் ஓடிவந்து திறக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். பெட்டியை எடுத்துப் போய், கூரை ஒழுகுகிற மூலையில் நிற்க வைத்தேன்.

மழை விட்டதும் திறக்கலாம்.